வேள்வியின் வேலையாட்கள்



யாகத்தைப் பற்றி நம் மேடைகளில் இரண்டு கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்டு வந்திருக்கிறோம். நெருப்பில் நெய்யை ஊற்றினால் மழை வருமா என்பது ஒன்று. யாகத்தில் மாட்டை அறுத்துத் தின்றவர்களின் வழிவந்தோர், மாட்டுக்கறி தின்கிறவனைத் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கியது எப்படி என்பது மற்றொன்று. முதல் கேள்வியைப் பகுத்தறிவு இயக்கம் நமக்குக் கொடுத்தது. இரண்டாவதை அண்ணல் அம்பேத்கர் தீண்டாமையின் தோற்றம் குறித்து 1948இல் வெளியிட்ட நூலில் வரலாற்றுக் கேள்வியாகவே எழுப்பினார். இரண்டும் இன்றும் வேண்டிய கேள்விகள்தாம். இந்த நினைவுரையில் நாம் மூன்றாவதாக ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம். ஒரு யாகத்தை எப்படி ஏற்பாடு செய்தார்கள்? மண்ணை வெட்டியது யார், செங்கல்லைச் சுட்டது யார், பால் கறந்தது யார், தோலை உரித்தது யார், கடைசியில் கூலி யார் கைக்குப் போயிற்று?

கல்யாணம் ஒன்று நடந்தால் முகூர்த்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர். பந்தல்காரனுக்கும் பாத்திரம் தேய்த்தவளுக்கும் பணம் பைசல் ஆயிற்றா என்று கேட்கிறவர்கள் சிலரே. நாம் அந்தச் சிலருடைய பக்கத்திலிருந்து பேசுகிறோம்.

நம் காலத்திலேயே நடந்து, விரிவாகப் பதிவான ஒரு யாகத்திலிருந்து தொடங்குவோம். கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்துச் செறுதுருத்திக்கு அருகில் பாஞ்ஞாள் என்ற ஊர் இருக்கிறது. 1975 ஏப்ரல் 12 முதல் 24 வரை அங்கே நம்பூதிரிகள் அக்னிசயனம் செய்தார்கள். அதிராத்திரம் என்பது அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர். கலிபோர்னியாவில் பேராசிரியராக இருந்த பிரிட்ஸ் ஸ்டால் என்ற டச்சு அறிஞர் இதற்கு ஊக்கமாக நின்றார். வெளிநாட்டு நிறுவனங்களிலிருந்து பணம் திரட்டினார். ராபர்ட் கார்ட்னரும் அவரும் சேர்ந்து எடுத்த படம் 1976இல் வந்தது. 1983இல் 'அக்னி' என்ற தலைப்பில் இரண்டு பெரும் தொகுதிகளாக நூல் வந்தது. சி. வி. சோமயாஜிப்பாடு, எம். இட்டி ரவி நம்பூதிரி என்னும் இரு வைதீகர்கள் அந்நூலின் ஆக்கத்தில் பங்கு கொண்டார்கள்.

பன்னிரண்டு நாள் சடங்கு. பதினேழு புரோகிதர்கள். சிறகு விரித்த பறவையின் வடிவில் ஐந்து அடுக்காக ஒரு வேதி. அதற்குச் செங்கற்கள் மட்டும் 1,005. சோமக் கொடியைக் கொல்லங்கோட்டு அரச குடும்பம் தந்தது. பதினான்கு ஆடுகளைப் பலியிட வேண்டும் என்று விதி இருந்தது. செய்தி வெளியே தெரிந்ததும் எதிர்ப்பு எழுந்தது. ஆடுகளுக்குப் பதிலாக அரிசி மாவை உருட்டி வாழையிலையில் கட்டி நெருப்பிலிட்டார்கள். மூவாயிரம் ஆண்டாக ஓர் எழுத்தும் மாறாமல் வருவதாகச் சொல்லப்படும் சடங்கு, ஊரில் எதிர்ப்பு வந்ததும் ஆட்டிலிருந்து மாவுக்கு மாறியது. மாற்றவே முடியாதது என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் இந்த வாழையிலைப் பொட்டலத்தை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் மந்திரத்தைக் கேட்பார்கள், தீயைப் பார்ப்பார்கள். நம் கண்ணோ செங்கல்லிலேயே நிற்கிறது. ஆயிரத்து ஐந்து செங்கல்லும் ஒரே அளவில்லை; சதுரம், செவ்வகம், முக்கோணம் என்று வகைவகையாக வேண்டும். பறவையின் சிறகு வளைய வேண்டும். ஓர் அடுக்கின் இணைப்பு மேல் அடுக்கின் இணைப்போடு நேர்கோட்டில் வரக்கூடாது. இந்தக் கணக்கை எழுதி வைத்த சுல்ப சூத்திரங்களை இந்தியக் கணிதத்தின் தொடக்கம் என்று பாடநூல்கள் பெருமையாகச் சொல்கின்றன. பெருமை இருக்கட்டும். வேதியின் பரப்பை யாகம் செய்விப்பவனின் உடலை வைத்து அளக்கிறார்கள்: அவன் கையைத் தூக்கி நின்றால் எவ்வளவு உயரமோ அது ஒரு புருஷ அளவு, ஏழரைச் சதுர புருஷம் வேதியின் பரப்பு. அளவுகோல் எசமானனின் உடல். சேற்றை மிதித்த கால் எவருடையது என்பதற்கு அந்தக் கணக்கில் இடம் கிடையாது.

ரிக் வேதத்தில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லே வருவதில்லை என்பதை ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு இடம்விட்டு இடம் போனவர்களுக்குச் சூளை எதற்கு? அப்படியிருக்க, பின்னால் வந்த யஜுர் வேத நூல்களில் திடீரென்று ஆயிரக்கணக்கில் சுட்ட செங்கல் கேட்கும் ஒரு சடங்கு தோன்றுகிறது. ஹைலா கான்வர்ஸ் என்ற ஆய்வாளர் 1974இல் எழுதிய கட்டுரையில், இந்தத் தொழில்நுட்பம் இந்த மண்ணில் முன்பே இருந்த, வேதத்தாரல்லாத மக்களிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். ஸ்டாலும் சிந்துவெளியின் செங்கல் மரபை நோக்கியே கை காட்டினார். இது முடிந்த முடிவில்லை, கருதுகோள்தான். ஆனால் ஒன்றை நாம் துணிந்து சொல்லலாம். செங்கல் அறுக்கத் தெரிந்தவர் மந்திரம் தெரிந்தவரிலிருந்து வேறானவர். சடங்கு அவருடைய வித்தையை உள்ளே எடுத்துக்கொண்டு அவரை வெளியே நிறுத்தியது.

டேராடூன் பக்கத்தில் ஜகத்கிராம் என்ற இடத்தில் 1950களின் தொடக்கத்தில் டி. என். ராமச்சந்திரன் அகழ்ந்தபோது அசுவமேத வேதிகள் கிடைத்தன. ஏறத்தாழ கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. செங்கற்களில் எழுத்து இருந்தது. நான்காம் அசுவமேதம் செய்த சீலவர்மன் என்னும் அரசனின் பெயர் அதில் இருக்கிறது. அவனுடைய கோத்திரமும் இருக்கிறது. ஈரச் செங்கல்லில் அந்த எழுத்தைப் பதித்துச் சூளைக்கு அனுப்பிய கை யாருடையது என்பது மட்டும் இல்லை. திருவள்ளூர்ப் பக்கத்துச் சூளைகளில் முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு கிடந்து செங்கல் அறுத்துவிட்டு மீட்கப்பட்டவர்களோடு வேலை செய்திருக்கும் தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். செங்கல்லின் மேல் முத்திரை யாருடையதாக இருக்கும் என்பதை உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இனி நூல்களுக்குள் போவோம். பிராமணங்கள், சிரௌத சூத்திரங்கள் என்பவை யாகத்தின் கையேடுகள். எந்தக் கரண்டி, எந்த மரம், எந்தத் திசை என்று ஒன்றுவிடாமல் சொல்பவை. விதி நூல் நடப்பை அப்படியே காட்டிவிடாது என்பது வரலாறு படிக்கும் மாணவர்களுக்குத் தெரியும். ஆனால் விலக்கு ஒன்றை வேலை மெனக்கெட்டு எழுதி வைக்கிறார்கள் என்றால், விலக்க வேண்டிய ஆள் அந்த இடத்தில் நின்றுகொண்டிருக்கிறான் என்று பொருள். ஆளே இல்லாத இடத்தில் 'உள்ளே வராதே' என்று பலகை வைக்க மாட்டார்கள்.

அக்னிஹோத்திரத்துக்கான பாலைச் சூத்திரன் கறக்கக்கூடாது என்று தைத்திரீய பிராமணம் சொல்கிறது. காரணம் என்று அவன் பிறப்பையே இழித்துப் பேசுகிறது. ஆபஸ்தம்பர் அதே விஷயத்துக்கு வந்ததும் கறக்கக்கூடாது என்ற விதியோடு கறக்கலாம் என்ற மாற்று வழியையும் சேர்த்துக் கொடுக்கிறார். ஏன்? மாட்டைப் பராமரித்தவனும் விடியலில் கறந்தவனும் அவன்தான் என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை. மைத்திராயணீ சங்கிதையில், குயவன் சக்கரத்தில் வனைந்த பாண்டம் அசுரர்களுக்குரியது, ஆரியன் கையால் செய்ததே ஆகும் என்று வருகிறது. சக்கரத்தில் வனைந்த பானை எல்லா வீட்டிலும் இருந்த காலத்தில், யாகத்துக்கு மட்டும் கையால் பிடித்த பானை வேண்டும் என்கிறார்கள். தொழிலில் பிந்திய முறையைப் புனிதத்தில் முந்தியதாக ஆக்கிவிட்டார்கள். குயவரின் திறமையே அவருக்குத் தீட்டாக மாறிய இடம் இது.

தீட்சை பெற்றவன் எல்லோருடனும் பேசக்கூடாது என்கிறது சதபத பிராமணம். பிராமணன், அரசன், வைசியன் ஆகிய மூவரோடு மட்டுமே பேசலாம். சூத்திரனிடம் ஏதாவது சொல்ல வேண்டிவந்தால், அந்த மூவரில் ஒருவனிடம் 'இவனிடம் இதைச் சொல்' என்று சொல்லிச் சொல்லவைக்க வேண்டும். இதை நிதானமாகப் படியுங்கள். யாகசாலையில் தீட்சிதனுக்குச் சூத்திரனிடம் சொல்ல வேண்டிய காரியம் ஏதோ இருந்துகொண்டே இருந்திருக்கிறது. விறகு கொண்டுவா, தண்ணீர் கொண்டுவா என்பது போல. வேலை நிற்கவும் கூடாது, பேச்சும் கூடாது. அதற்கு இடையில் ஓர் ஆளை வைத்தார்கள். கைகட்டித் தள்ளி நிற்பவனிடம் கணக்குப்பிள்ளை வழியாகக் கூலியைச் சொன்ன பண்ணையார்களை நம் தாத்தாக்கள் பார்த்திருக்கிறார்கள். அதே நூல் பிரவர்க்கியச் சடங்கின்போது பெண், சூத்திரன், நாய், காக்கை இந்நான்கையும் பொய் என்று ஒரே வரிசையில் வைத்து, பார்க்காதே என்கிறது. பாஞ்ஞாளில் நடந்த சடங்கிலும் பிரவர்க்கியம் உண்டு.

சோமம் வாங்கும் சடங்கு இன்னொரு வகை. சோமம் கொண்டுவந்து விற்பவன் குத்ஸ குலத்தானாகவோ சூத்திரனாகவோ இருக்கலாம் என்று காத்யாயனர் சொல்கிறார். பேரம் பேசி விலை கொடுத்து வாங்கிய பிறகு, கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு, விற்றவனைத் தடியால் அடித்து விரட்டும்படி சில சூத்திரங்கள் விதிக்கின்றன. மகாவிரதத்தில் ஒரு வட்டமான வெள்ளைத் தோலுக்காக ஆரியனும் சூத்திரனும் இழுபறி செய்கிறார்கள். ஆரியன் வேதிக்கு உள்ளே நிற்பான், சூத்திரன் வெளியே நிற்பான். சூத்திரன் தோலை விட்டுவிட்டு ஓட வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவான விதி. இவற்றை நாடகம், குறியீடு என்று விளக்கும் அறிஞர்கள் உண்டு. நாடகமாகவே இருக்கட்டும். அந்த வேடம் கட்டிய ஆள் மறுநாள் அதே ஊரில்தான் வாழ்ந்திருப்பான்.

நம் மாணவர்களுக்கு மிகவும் பயன்படும் சான்று என்று நாம் கருதுவது ஐதரேய பிராமணத்தில் இருக்கிறது. பலியிட்ட விலங்கை 36 பங்காகப் பிரித்து யார் யாருக்கு எந்த உறுப்பு என்று அங்கே பட்டியல் வருகிறது. நம் ஊர்க் கிடாவெட்டில் தலை யாருக்கு, தொடை யாருக்கு, குடல் யாருக்கு என்று முறை வைத்திருப்பதைப் போலத்தான். விலங்கை மூச்சடக்கிக் கொல்பவனுக்குச் சமிதா என்று பெயர். கொல்லும்போது புரோகிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். சமிதாவுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் அவன் பிராமணன் அல்லாதவனாக இருந்தால், அந்தப் பங்கை ஒரு பிராமணனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அதே இடத்திலேயே சேர்த்து எழுதியிருக்கிறது. கொன்றவன் அவன், உழைத்தவன் அவன், பங்கு எழுதப்பட்டதும் அவன் பெயருக்கு. கையில் போய்ச் சேர்ந்தது இன்னொருவனுக்கு. கூலித் திருட்டுக்கு இந்தியாவில் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய ஆவணங்களில் ஒன்றாக இதை நாம் வாசிக்கலாம்.

புருஷமேதப் பட்டியலையும் இங்கே சொல்ல வேண்டும். வாஜசனேயி சங்கிதையின் 30ஆம் அத்தியாயத்தில், யூபங்களில் கட்டப்பட வேண்டிய 180க்கும் மேற்பட்ட மனிதர்களின் வரிசை வருகிறது. குயவன், கொல்லன், தேர் செய்பவன், மீன்பிடிப்பவன், தோல் பதனிடுபவன், துணி வெளுப்பவள், சாயமிடுபவள், சண்டாளன், புல்கசன் என்று அன்றைய உழைப்பாளிகள் ஏறக்குறைய எல்லோரும் அதில் இருக்கிறார்கள். அவர்களைக் கொல்லவில்லை, தீயை அவர்களைச் சுற்றிக் கொண்டுவந்து அவிழ்த்துவிட்டார்கள் என்று சதபத பிராமணம் சொல்கிறது. சரி, அவிழ்த்துவிட்டார்கள். நாம் கவனிக்க வேண்டியது வேறு. வேறெங்கும் வேள்வி வாசலில் நிறுத்தப்பட்ட சண்டாளன், வேள்விக் களத்துக்குள் பெயர் சொல்லி அழைக்கப்படும் ஒரே இடம் பலித்தூண்.

எல்லாக் கதவும் எப்போதும் அடைத்தே இருந்ததா என்றால், இல்லை. இது தெரியாமல் பேசினால் எதிரில் இருப்பவர் ஒரே சான்றில் நம்மை மடக்கிவிடுவார். மீமாம்சை சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் யாகம் செய்யும் உரிமை யாருக்கு என்பதையே ஆராய்கிறது. சொர்க்கத்தை விரும்புகிறவன் யாகம் செய்யட்டும் என்பது விதி; அந்த விருப்பம் எல்லோருக்கும் பொது; ஆகவே சூத்திரனுக்கும் உரிமை உண்டு என்று பாதரி என்பவர் வாதிட்டார். அவருடைய பெயரும் வாதமும் ஜைமினியின் நூலிலேயே மறுப்பதற்காகப் பதிவாகியிருக்கின்றன. ஜைமினி பக்கத்தின் பதில் எளியது: தீ வளர்க்க வசந்தம் பிராமணனுக்கு, கோடை அரசனுக்கு, கூதிர் வைசியனுக்கு என்று பருவம் ஒதுக்கியிருக்கிறது, சூத்திரனுக்கு எந்தப் பருவமும் ஒதுக்கவில்லை, தீயே இல்லாதவன் யாகம் செய்வது எப்படி? ஆனால் மழைக்காலம் தேர் செய்யும் ரதகாரனுக்கு என்று ஒரு பழைய வாக்கியம் இருந்து தொலைத்தது. அவனை மூன்று வருணத்திலும் சேர்க்க முடியாமல், சூத்திரன் என்றும் சொல்ல முடியாமல், தனியொரு சாதி என்று உரைகாரர்கள் ஒதுக்கினார்கள். நிஷாதத் தலைவன் ஒருவன் ருத்திரனுக்கு இஷ்டி செய்யலாம் என்ற வாக்கியத்தையும் அவர்களால் மறைக்க முடியவில்லை. அவன் நிஷாதனே என்று ஒப்புக்கொண்டு, அந்த ஒரே ஒரு சடங்கோடு அவனை நிறுத்திவிட்டார்கள்.

இந்தத் துண்டுச் சான்றுகள் அம்பேத்கருக்கு நன்றாகத் தெரியும். சூத்திரர் யார் என்று 1946இல் அவர் எழுதிய நூலில், பைஜவனன் என்ற சூத்திர அரசன் யாகம் செய்து தட்சிணை கொடுத்ததாக மகாபாரதம் சொல்வதை எடுத்துக்காட்டி, உரிமை முதலில் இருந்தது, பின்னால் பறிக்கப்பட்டது என்று வாதிட்டார். அவருடைய முடிவுகளில் சிலவற்றைப் பிற்கால ஆய்வு ஏற்கவில்லை. ஆனால் விலக்கு என்பது படைப்பில் வந்ததில்லை, சண்டையில் வந்தது என்ற பார்வை நிற்கிறது.

இப்போது வேதியை விட்டு வெளியே வருவோம். யாகசாலையில் வேலை செய்தவர்களின் முகத்தைப் பார்த்து எழுதியவர்கள் யாராவது இருக்கிறார்களா? இருக்கிறார்கள், பாலி நூல்களில். சம்யுத்த நிகாயத்தில் கோசலப் பகுதியில் சிறிய சுத்தம் ஒன்று வருகிறது. பசேனதி மன்னன் பெரும் யாகம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்கிறான். எருதுகள் 500, காளைக்கன்றுகள் 500, கிடேரிகள் 500, வெள்ளாடுகள் 500, செம்மறிகள் 500 தூணுக்குக் கொண்டுவரப்படுகின்றன. இத்தோடு முடியவில்லை. அடிமைகளும் ஏவலரும் கூலியாட்களும் தடிக்குப் பயந்து, அச்சத்தால் விரட்டப்பட்டு, கண்ணீர் வழியும் முகத்தோடு அந்த ஏற்பாட்டு வேலைகளைச் செய்துகொண்டிருந்தார்கள் என்று பிக்குகள் வந்து புத்தரிடம் சொல்கிறார்கள்.

தோழர்களே, கையேடுகள் ஒரு கரண்டியின் நீளத்தைக்கூட விடவில்லை. ஆனால் கரண்டியைச் செதுக்கியவனின் கண்ணை அவை பார்த்ததில்லை. சிராவஸ்தியில் பிச்சைக்குப் போய்த் திரும்பிய துறவிகள் பார்த்தார்கள். பௌத்தர்கள் யாகத்துக்கு எதிரிகள், மிகைப்படுத்தியிருப்பார்கள் என்று சொல்லலாம். மிருகவதையை மிகைப்படுத்த அவர்களுக்குக் காரணம் உண்டு. வேலையாளின் அழுகையைச் சேர்க்க வேண்டிய தேவை என்ன? அது கண்ணில் பட்டது, அதனால் சேர்த்தார்கள் என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம்.

தீக நிகாயத்தில் உள்ள கூடதந்த சுத்தம் இன்னும் தெளிவானது. மகதத்தில் கானுமதம் என்ற ஊர். பிம்பிசாரன் கூடதந்தன் என்ற பிராமணனுக்கு விட்டுக்கொடுத்த பிரம்மதேயம் அது. யாகம் செய்ய அவன் 700 எருதுகளைக் கட்டி வைத்திருக்கிறான். கன்றுகளும் ஆடுகளும் அப்படியே எழுநூறு எழுநூறாக. யாகத்தை எப்படிச் செம்மையாகச் செய்வது என்று புத்தரிடமே கேட்கப் போகிறான். புத்தர் ஒரு பழங்கதை சொல்கிறார். மகாவிஜிதன் என்ற அரசன் யாகம் செய்ய விரும்பியபோது அவனுடைய புரோகிதன் சொன்ன யோசனை இது: நாட்டில் கொள்ளை இருக்கிறது, இப்போது வரி போட்டால் பாவம், உழுகிறவனுக்கு விதையும் தீவனமும் கொடு, வணிகனுக்கு முதல் கொடு, ஊழியனுக்குச் சம்பளம் கொடு, அவரவர் தொழிலில் இருந்தால் கொள்ளை தானே நிற்கும். பிறகு நடந்த யாகத்தில் மாடும் ஆடும் கோழியும் பன்றியும் கொல்லப்படவில்லை. தூணுக்கு மரம் வெட்டவில்லை, தர்ப்பை அறுக்கவில்லை. வேலையாட்களை யாரும் தடியால் ஓட்டவில்லை. அவர்கள் அழுதுகொண்டு வேலை செய்யவில்லை. விரும்பியவர் செய்தார், விரும்பாதவர் செய்யவில்லை.

விரும்பாதவர் செய்யவில்லை என்ற அந்தக் குறிப்பு நமக்கு முக்கியமானது. வேலையை மறுக்கும் உரிமையை ஒரு நல்ல யாகத்தின் இலக்கணத்துக்குள் வைத்த நூல் அது. அம்பேத்கர் தம் இறுதி நூலான 'புத்தரும் அவர் தம்மமும்' எழுதும்போது, யாகத்தில் நம்பிக்கை வைப்பது தம்மம் ஆகாது என்ற பகுதியில் கூடதந்தனைக் கொண்டுவந்து நிறுத்தினார். வெட்டியான் வேலை, பறையடிப்பது, செத்த மாட்டை அகற்றுவது ஆகியவற்றை இனிச் செய்ய மாட்டோம் என்று ஊர் ஊராகச் சொன்ன நம் மக்களுக்கு அந்தக் கதை புதியதாக இருக்காது.

கானுமதம் பிரம்மதேயம் என்பதை மறக்க வேண்டாம். யாகத்தின் செலவு நெய்யோடு போவதில்லை. தட்சிணையும் நிலமும்தான் பெரிய செலவு. மகாராஷ்டிரத்து நாணேகாட் குகையில் சாதவாகன அரசி நாகனிகாவின் கல்வெட்டு இருக்கிறது. நடத்திய யாகங்களும் கொடுத்த தட்சிணைகளும் கணக்குப் புத்தகம் போல அதில் வரிசையாக உள்ளன. ஒரு யாகத்துக்கு 1,700 பசுக்களும் 10 யானைகளும். இன்னொன்றுக்கு 11,000 பசுக்களும் 1,000 குதிரைகளும். வேறொன்றுக்கு 24,400 கார்ஷாபணக் காசுகள். அதையடுத்து 6,001 காசுகள் என்று ஒரு வரவு. வேடிக்கை பார்க்க வந்தவர்க்கும் ஏவலர்க்கும் கொடுத்தது என்று ப்யூலர் அதைப் படித்தார். அங்குள்ள சொல்லுக்கு யாகம் காண வந்த விருந்தினர் என்ற பொருளும் உண்டு. ஆகவே ஏவலர் கையில் எவ்வளவு சேர்ந்தது என்று இதை வைத்துக் கணக்குப் போட முடியாது.

தமிழகத்துக்கு இந்தக் கதை அந்நியம் இல்லை. சங்க காலப் பாண்டியன் ஒருவனுக்குப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்றே பெயர். சோழன் ஒருவனுக்கு இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளி என்று பெயர். பதிற்றுப்பத்தின் மூன்றாம் பத்தைப் பாடிய பாலைக் கௌதமனார் பரிசிலாகச் சுவர்க்கம் புகுவதைக் கேட்டார், அதற்காகப் பத்து வேள்விகள் நடந்தன என்று அதன் பதிகம் சொல்கிறது. ஆதித்தமிழர் வேறு, ஆரியர் வேறு என்று பேசி நம் அரசர்களைக் கணக்கிலிருந்து விடுவிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. வேள்விக்குடிச் செப்பேடு அந்தச் சலுகையைத் தருவதில்லை.

அந்தச் செப்பேடு சொல்லும் வரலாறு இது. முதுகுடுமிப் பெருவழுதி, கொற்கை கிழான் நற்கொற்றன் என்பவன் வேள்வி முற்றுவித்ததற்காக அவனுக்கு ஓர் ஊரையே கொடுத்தான். ஊருக்கு வேள்விக்குடி என்று பெயர் ஆயிற்று. பின்னால் களப்பிரர் அதைப் பறித்தார்கள். கடுங்கோன் பாண்டிய ஆட்சியை மீட்டான். பல தலைமுறை கழித்து, ஏறத்தாழ கி.பி. 770இல், நெடுஞ்சடையன் பராந்தகனின் மூன்றாம் ஆட்சியாண்டில், நற்கொற்றனின் வழிவந்த நற்சிங்கன் மதுரையில் மன்னனிடம் முறையிட்டு, பழைய உரிமையை நிறுவி, ஊரைத் திரும்பப் பெற்றான். நூற்றாண்டுகளுக்கு முன் எரிந்து சாம்பலான ஒரு தீ, எட்டாம் நூற்றாண்டில் நிலப் பத்திரமாக வேலை செய்கிறது. களப்பிரர் காலத்தை இருண்ட காலம் என்று எழுதியவர்கள் யாருடைய நிலம் பறிபோனதைக் கண்டு இருட்டு என்றார்கள் என்று பார்க்க இந்தச் செப்பேடு ஒன்றே போதும். அந்த ஊரின் வயலில் இத்தனை தலைமுறையாக இறங்கி நின்றவர்களுக்கு, மேலே சொன்ன நான்கு மாற்றங்களில் எதில் என்ன மாறியது என்று கேட்டால் செப்பேடு பேசாது. பின்னாளில் முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்களின் வரி நீக்கிய நிலங்களைக் கணக்கிடும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்களை எழுதுகின்றன. ஊரைக் கொடுத்தால் சேரியும் சேர்ந்தே கைமாறியது.

பாஞ்ஞாளும் இப்படிப்பட்ட ஊர்தான். பழைய கொச்சி நாட்டின் தலப்பிள்ளிப் பகுதி. நம்பூதிரி இல்லங்கள் ஜன்மிகளாக நிலத்தைப் பிடித்து வைத்திருந்த மண். செறுமரும் புலையரும் வயலில் அடிமைகளாக இருந்தார்கள். கொச்சியில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1854இல். நாயாடிகள் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கு அங்கே கணக்கு இருந்தது. மூன்று தீயையும் வீட்டில் அணையாமல் காத்து, வருடக்கணக்கில் வேதம் ஓதி, பன்னிரண்டு நாள் சடங்குக்குப் பயிற்சி பெற ஒரு மனிதனுக்கு ஓய்வு வேண்டும். அந்த ஓய்வை விளைவித்துக் கொடுத்தது செறுமரின் முதுகு. கேரள நிலச் சீர்திருத்தம் 1970 ஜனவரி 1 முதல் ஜன்மி முறையை முடித்து வைத்தது. வாரம் வராமல் போனதும் வேள்வி நடத்தும் வலு குறைந்தது. ஐந்தே ஆண்டில் செலவுக்கு அமெரிக்கப் பணம் தேவைப்பட்டது.

அந்தச் சட்டத்தால் குத்தகைதாரருக்கு நிலம் கிடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் இடைநிலைச் சாதியார். வயலில் இறங்கிய தலித்துக்குப் பெரும்பாலும் கிடைத்தது குடிகிடப்பு மனை. ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், நகரங்களில் அதைவிடக் குறைவு. யாகத்தைத் தாங்கிய நிலம் கைமாறியபோதும் அதை உழுதவருக்குக் குடிசை போட்ட இடம்தான் மிஞ்சியது. நம்பூதிரி மரபு அழிகிறதே என்று உலகெங்கும் கவலைப்பட்டு எழுதியவர்களின் பக்கங்களில் இந்த 10 சென்டுக்கும் ஓர் அடிக்குறிப்பு இருந்திருக்கலாம்.

2011 ஏப்ரலில் பாஞ்ஞாளில் மறுபடியும் அதிராத்திரம் நடந்தது. இந்த முறை அறிவியல் சோதனை என்று சொல்லிக் கருவிகளும் போயின. யாகசாலைக்கு அருகில் விதைகள் விரைந்து முளைத்தன என்றெல்லாம் செய்திகள் வந்தன. தமிழ்நாட்டில் 2019 கோடை வறட்சியின்போது இந்து சமய அறநிலையத் துறையே பெரிய கோயில்களில் மழை வேண்டி யாகமும் வருண ஜபமும் நடத்தச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. அதே கோடையில் சென்னையில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற தெருக்கள் எவை என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு வேறுபாட்டை இங்கே சொல்லிவிட வேண்டும். நம் ஊர்க் குடமுழுக்கில் போடும் யாகசாலை ஆகம வழியில் வருவது. பாஞ்ஞாளில் நடந்தது சிரௌத யாகம். மந்திரமும் குண்டமும் தேவதையும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசினால் ஆகமம் படித்த ஒரு குருக்களே நம்மைத் திருத்திவிடுவார். ஆனால் ஏற்பாடு என்ற பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டிலும் மண் சுமக்க வேண்டும், செங்கல் வேண்டும், பந்தல் வேண்டும், சமித்துக்கு மரத்தில் ஏற வேண்டும், முடிந்ததும் சாம்பலையும் எச்சில் இலையையும் அள்ள வேண்டும்.

ஆகவே மாணவ நண்பர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். உங்கள் ஊரில், பக்கத்து ஊரில் கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் குடமுழுக்கு நடந்திருக்கும். திருப்பணிக் குழுவின் வரவு செலவு நோட்டு யாரிடமாவது இருக்கும். பல ஊர்களில் அச்சிட்டே கொடுத்திருப்பார்கள். அதில் யாகசாலைச் செலவு என்ற தலைப்பைப் பாருங்கள். சிவாச்சாரியார் சம்பாவனை எவ்வளவு, செங்கல்லும் மணலும் எவ்வளவு, பந்தல் கூலி எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். சேரியிலிருந்து வரி வாங்கினார்களா, வாங்கவில்லையா, வாங்க மறுத்தார்களா என்று பாருங்கள். மூன்றும் மூன்று விதமான வரலாறு. பிறகு குண்டத்துக்கு மண் எடுத்துக் கொடுத்தவரை, சமித்து வெட்டிவந்தவரை, பறையடித்தவரை வீட்டில் போய்ப் பாருங்கள். குண்டத்தில் தீ மூட்டிய பிறகு எந்த இடம் வரைக்கும் போக முடிந்தது என்று கேளுங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். யாகசாலையைச் சாணி தெளித்து மெழுகியது பெரும்பாலும் அவர்களாகவே இருப்பார்கள், நோட்டில் அவர்களுக்கு வரி இருக்காது. சொல்வதை அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். பத்து ஊர் சேர்ந்தால் அடுத்த ஆண்டு இதே நாளில் அதைப் படிப்போம்.